வார்டு எல்லையும் சாதி ஓட்டும்

விருதுநகர், சிவகாசி நகரத் தேர்தல்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் எடுப்பது சாதிக் கணக்கைத்தான். எந்த வார்டில் எந்தச் சமூகத்துக்கு எத்தனை தலைக்கட்டு, எந்தத் தெரு யார் பக்கம் சாயும் என்ற பட்டியல் எல்லாக் கட்சிக்காரர்களின் சட்டைப் பையிலும் உண்டு. அந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால், சாதி ஓட்டு எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பிவிட்டால் இந்த வட்டாரத்தின் நூற்றாண்டு அனுபவம் பிடிபடாது. அடிவாங்கும் சமூகமாக இருந்தபோது இங்குள்ள நாடார்கள் ஒரே குரலில் பேசினார்கள். நகரம் தங்கள் கைக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே தேர்தல் களத்தில் மோதினார்கள். இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்கூட இல்லை.

கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தெற்கிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த நாடார் வணிகர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சீமையில் ஆறு ஊர்களில் வேரூன்றினார்கள். சிவகாசி, அப்போது விருதுபட்டி என்றிருந்த விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவை அந்த ஊர்கள். வழிப்பறிக்குப் பயந்து வண்டியும் சரக்கும் இரவில் தங்குவதற்குப் பேட்டைகள் எழுந்தன. பேட்டையைப் பராமரிக்க, விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை வசூலானது. மகமைப் பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கவும் உறவின்முறை கூடியது. வரி போடுவது, வசூலிப்பது, வழக்குத் தீர்ப்பது, பொதுக்காரியம் செய்வது என்று ஒரு நகராட்சி செய்யும் வேலைகளை, நகராட்சி வருவதற்கு முன்பே ஒரு சாதிச் சபை செய்துகொண்டிருந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்தில் எழுந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியும் அதற்குப் போனது. பின்னாளில் காமராஜர் படித்ததும் அங்கேதான்.

பணம் இருந்தது, மரியாதை இல்லை. கோயிலுக்குள் நுழையும் உரிமை இந்தச் சமூகத்துக்கு மறுக்கப்பட்டது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்ததையொட்டி ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இதற்கிடையே 1899 ஜூன் மாதம் சிவகாசி தாக்கப்பட்டது. மறவர்கள் முன்னின்ற அந்தத் தாக்குதலுக்கு வேறு சில சமூகங்களின் ஆதரவும் இருந்தது. கலவரம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. அந்த ஆண்டுகளில் சமூகத்துக்குள் கட்சி இல்லை. 1910இல் பொறையாறு ரத்தினசாமி நாடாரின் முன்முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் உருவானது. அரசு ஆவணங்களில் சாணார் என்ற பெயர் நீங்கி நாடார் என்று பதிவானது 1921இல். இந்தக் காலம் முழுவதும் கோரிக்கைகள் வெளியே இருப்பவர்களை நோக்கியே வைக்கப்பட்டன. பள்ளி வேண்டும், பெயர் வேண்டும், சபையில் இடம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து எழ வழியே இல்லை.

சபையில் இடம் நீதிக்கட்சி வழியாகக் கிடைத்தது. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். ராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவரானார். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று அவர் போட்ட உத்தரவு அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய காரியம். கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர், கிடைத்த அதிகாரத்தைத் தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்காகவும் பயன்படுத்தினார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. மூன்றாவது மாநாடு 1931இல் விருதுநகரிலேயே நடந்தது. வணிகர்களின் மகமைப் பணமும் ஈரோட்டுப் பெரியாரின் இயக்கமும் கைகோத்திருந்த நேரம் அது.

அதே ஊரில், அதே பள்ளியில் படித்த ஓர் இளைஞர் காங்கிரஸ் கொடியைப் பிடித்தபோது ஊர்ப் பெரியவர்களுக்கு அது ரசிக்கவில்லை. காமராஜரின் தொடக்ககால எதிரிகள் பிற சாதியினர் அல்லர். சொந்தச் சமூகத்தின் செல்வந்தர்களே. விருதுநகர் நகராட்சித் தலைவராக விளங்கிய வி.வி. இராமசாமி சுயமரியாதை இயக்கத்தின் முக்கியப் புள்ளி. இரு தரப்பும் நாடார், இரு தரப்புக்கும் அதே பங்குனிப் பொங்கல், அதே மாரியம்மன். நகராட்சித் தேர்தலில் மட்டும் எதிரெதிர் முகாம். சாதி என்ற ஒன்றை மட்டும் வைத்து இந்தப் போட்டியை விளக்க முடியாது. பணக்கார வணிகருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும், மூத்த தலைமுறைக்கும் இளையோருக்கும், சாதி உயர்வுக்கும் நாட்டு விடுதலைக்கும் இடையே எது முதலில் என்ற கேள்விக்கு வந்த வேறுவேறு பதில்கள்தான் அங்கே மோதின.

அன்றைய நகராட்சித் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டியவருக்குத்தான் வாக்குரிமை, வேட்பாளர் ஆகும் தகுதியும் அவருக்குத்தான். இதை வைத்து ஒரு கதை தென் மாவட்ட மேடைகளில் இன்றும் உலவுகிறது. நகராட்சித் தேர்தலில் நிற்கச் சொத்துவரி ரசீது இல்லாமல் காமராஜர் திண்டாடினார் என்றும், முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயரில் வரி கட்டித் தகுதி பெற்றுத்தந்தார் என்றும் தேவர் தரப்பினர் சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அதற்குள் இருக்கும் சட்ட நிலவரம் உண்மை: வரி ரசீதுதான் நகரசபைக்கான நுழைவுச்சீட்டு. மகமை கட்டிப் பழகிய வணிகச் சமூகத்திடம் அந்தச் சீட்டு ஏராளமாக இருந்தது. அந்த நகரத்தைத் துப்புரவு செய்தவர்களிடமும் மூட்டை சுமந்தவர்களிடமும் இல்லை.

காமராஜர் 1937இல் சாத்தூர் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்வானார். 1941 நவம்பரில் வெளியே வந்ததும், முழுநேரம் செய்ய முடியாத பதவி எதற்கு என்று அதை விட்டு விலகினார். அவர் ஏறிய பிறகுதான் நாடார் ஓட்டு பெருமளவில் காங்கிரஸ் பக்கம் வந்தது. நீதிக்கட்சியிடம் பிள்ளைகளுக்குப் பதவி கேட்டுப் போனவர்கள், நம்மவர் ஒருவர் கட்சியையே நடத்துகிறார் என்றதும் மனம் மாறினார்கள்.

இந்த வரிசை அமெரிக்க நகரங்களிலும் கண்ட ஒன்று. குடியேறிய இனங்கள் வசதி பெறப்பெற இன ஓட்டு கரைந்துவிடும் என்று ராபர்ட் டால் 1961இல் நியூ ஹேவன் நகரை ஆராய்ந்து எழுதினார். ரேமண்ட் வுல்பிங்கர் 1965இல் அதை மறுத்தார். மேயர் பதவிக்கு ஆளை நிறுத்தும் அளவுக்கு ஓர் இனத்தில் நடுத்தர வர்க்கம் வளர்ந்த பிறகுதான் இன ஓட்டு உச்சத்தைத் தொடும் என்பது அவர் வாதம். நியூ ஹேவனின் இத்தாலியர்களை வைத்துச் சொன்னது விருதுநகருக்கு அப்படியே பொருந்துகிறது. இதே காலத்தில் நாடார்களைப் பற்றி ஊர் ஊராகக் கள ஆய்வு செய்து 1969இல் நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் இன்னொரு படி மேலே போனார். சிதறிக் கிடக்கும் சாதி முதலில் ஒன்று திரளும். திரண்டு, வளர்ந்து, தொழிலும் வருமானமும் பலவாகப் பிரிந்த பின் அரசியலிலும் பிரியும் என்றார் அவர். டாலும் வுல்பிங்கரும் சொன்ன இரண்டும் நடக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக.

பிரிவின் சாட்சி 1967 சட்டமன்றத் தேர்தல். முன்னாள் முதல்வர், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், இந்தச் சமூகம் பெற்ற ஆகப் பெரிய தலைவர், சொந்த ஊரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். இந்தித் திணிப்பு எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் ஆட்சி மீதிருந்த அலுப்பும் அந்தப் பெட்டிகளில் விழுந்தன. சாதி ஓட்டு மொத்தமாக விழும் என்பது எவ்வளவு தளர்வான நம்பிக்கை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சிவகாசியின் கதை வேறு வழியில் போனது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, அதன் லேபிளுக்காக அச்சகம், பிறகு நாடு முழுவதும் போகும் காலண்டர் என்று தொழில் விரிந்தது. தொழிலதிபரே நகராட்சிக்கும் தலைவராவது இங்கே இயல்பாயிற்று. அய்ய நாடாரும் அந்த நாற்காலியில் இருந்தவர். ஆனால், அந்தத் தொழிலின் உடல் உழைப்பு ஊருக்குள் இல்லை. வெடிமருந்துச் சட்டப்படி பட்டாசு ஆலை குடியிருப்பை விட்டுத் தள்ளி இருந்தாக வேண்டும். மருந்து செலுத்துவோரும் திரி வெட்டுவோரும் வெம்பக்கோட்டை, சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பக்கக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஆலை வேனில் ஏறி வருகிறார்கள். தலித்துகள், தேவர், நாயக்கர், நாடார் என எல்லாச் சமூகமும் அந்த வேனில் உண்டு. வேலை முடிந்ததும் நகரத்தைச் சுற்றிக்கொண்டே ஊர் திரும்பும் அவர்களின் ஓட்டு ஊராட்சியில் விழுகிறது. சிவகாசி நகரசபையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கடைக்காரர்கள், அச்சகத் தொழிலாளர்கள், முதலாளிகள், அவர்களைச் சார்ந்தவர்கள். தொழிலைச் சுமப்பவர்களில் பெரும்பகுதி வாக்காளர் பட்டியலுக்கு வெளியே. நகரத் தேர்தலில் ஒரு சாதியின் எடை தீர்மானமாவதற்கு எண்ணிக்கையைவிட எல்லைக்கல் பெரிய காரணமாகும் இடம் இது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம் இந்த எல்லை விவகாரத்தை நீதித்துறை அமைச்சகம் வரை கொண்டுபோனது. அங்கே மெக்சிகோ வழிவந்தவர்கள் ஏராளம். கவுன்சிலர்களை நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை இருந்ததால், வெள்ளையர் ஓட்டே எல்லா இடங்களையும் தீர்மானித்தது. 1972இல் வெள்ளையர் மிகுந்த புறநகர்களை நகரத்தோடு இணைத்தார்கள். 1975இல் திருத்தப்பட்ட வாக்குரிமைச் சட்டம் ஸ்பானிய மொழியினரையும் காக்கும் சட்டமானது. இணைப்புக்கு 1976இல் மத்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. 1977இல் நகரம் பத்து வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீருக்காக மேற்குப் பகுதித் தேவாலயங்களில் 1974இல் திரண்ட மக்கள் அமைப்பு அதற்குள் வலுப்பெற்றிருந்தது. முதல் வார்டுத் தேர்தலிலேயே சபையின் முகம் மாறியது. 1981இல் மெக்சிகோ வழிவந்த ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். மக்கள் தொகை ஒரே இரவில் மாறவில்லை; கோடு மாறியது.

சிவகாசியில் கோடு 2021இல் நகர்ந்தது. திருத்தங்கல் நகராட்சியைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சியானது. 48 வார்டுகள் அமைந்தன. ஆனையூர், விஸ்வநத்தம், சித்துராஜபுரம் போன்ற, நகரத்தோடு ஒட்டிப் பிறந்த ஊராட்சிகள் 2022 பிப்ரவரித் தேர்தலில் எல்லைக்கு வெளியே நின்றன. 2011 கணக்கெடுப்பில் சிவகாசியில் சுமார் 71,000 பேர், திருத்தங்கலில் சுமார் 55,000 பேர். 48ஆல் வகுத்தால் வார்டுக்குச் சராசரி 2,600 பேர். லாஸ் ஏஞ்சலஸ் நகரசபையில் 15 கவுன்சிலர்கள்; ஒருவருக்கு 2,60,000 பேர். நூறு மடங்கு வித்தியாசம்.

இந்த அளவு வித்தியாசம் இன ஓட்டின் குணத்தையே மாற்றிவிடுகிறது. இரண்டரை லட்சம் பேர் உள்ள வார்டில் வேட்பாளரை நேரில் தெரிந்தவர் மிகச் சிலர். சீட்டில் ஒரு ஸ்பானியப் பெயரைக் கண்டால் நம்மவர் என்று கை போகிறது, பெயரே அடையாளம். 2,600 பேர் உள்ள வார்டில் வேட்பாளரின் தாத்தா யாரிடம் கடன் வாங்கினார் என்பதுவரை தெரியும். அங்கே சாதி என்பது மிகப் பருமனான அளவுகோல். வார்டில் ஒரே சாதியிலிருந்து மூன்று பேர் நிற்கும்போது ஓட்டைப் பிரிப்பது பங்காளி யார், கொண்டான் கொடுத்தான் யார் என்ற உறவுக் கணக்கு. மாமன் மச்சான் வீடு பத்து இருந்தால் அந்தத் தெரு தேறும். பங்காளிச் சண்டை இருந்தால் சொந்தச் சின்னத்துக்கே ஓட்டு விழாது. சில பத்து ஓட்டுகளில் முடிவு தெரியும் வார்டில், கட்சியின் மாவட்டச் செயலாளர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பது சாதியை மட்டுமல்ல. எத்தனை வீட்டில் உரிமையோடு போய் உட்கார்ந்து காபி கேட்க முடியும் என்பதையும்தான். சாதிச் சங்கங்கள் விடும் ஆதரவு அறிக்கை வார்டு மட்டத்தில் பெரும்பாலும் வெறும் காகிதமாக முடிவது இதனால்தான்.

வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதும் அரசியல்தான். மெக்சிகோ வழிவந்த எட்வர்ட் ராய்பால் 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரசபைக்கு நின்று தோற்றார். பிறகு அவருடைய ஆதரவாளர்கள் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று மெக்சிகோ வழியினரை வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். 1949இல் ஜெயித்தார். அப்போதும் சொந்த இனத்து ஓட்டு மட்டும் போதவில்லை; யூதர்கள், கறுப்பர்கள், ஜப்பானிய வழியினர் ஓட்டும் சேர்ந்தே வெற்றி கிடைத்தது. அதே நகரத்தில் அன்டோனியோ வில்லரைகோசா 2001இல் தோற்று 2005இல் மேயரானதும் கூட்டணி பலத்தால்தான்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதியும் சாதிக் கணக்கைப் புரட்டுகிறது. தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்பவர் எல்லாத் தெருவிலும் கும்பிட்டாக வேண்டும். நகரமெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு சமூகத்தின் ஓட்டுக்கும் அங்கே விலை உண்டு. மறைமுகத் தேர்தலில் ஒரே இடத்தில் திரண்டு வார்டை வெல்லக்கூடிய சமூகத்துக்குத்தான் மரியாதை. சிதறியவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. தலைவர் யார் என்பதை நகரம் தீர்மானிக்காமல் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. உள்ளாட்சிக்கு நேரடித் தேர்தலே தகும். ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு கட்சியும் தன் வசதிக்கு விதியை மாற்றுவது வாக்காளரை அவமதிப்பது.

இடஒதுக்கீடு இன்னொரு அடுக்கு. 2016இல் பெண்களுக்கு 50 சதவீத இடம் சட்டமானது. சிவகாசியின் முதல் மேயர் பதவி பொதுப் பிரிவுப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கணவர் பெயரைப் பெரிதாகப் போட்ட சுவரொட்டிகள் ஏராளம் என்றாலும், பதவிக்காகக் காத்திருந்த ஆண்களின் வரிசை ஒரே அடியில் கலைந்தது. தாழ்த்தப்பட்டோர் வார்டுகளில் நடப்பது இன்னும் நுட்பமானது. அமெரிக்க முறையில் சிறுபான்மையினர் பெரும்பான்மையாகும்படி வார்டை வரைகிறார்கள், யாரும் நிற்கலாம். இங்கே யார் நிற்கலாம் என்பது மட்டும் ஒதுக்கப்படுகிறது. ஓட்டுப் போடுபவர்கள் எல்லாச் சாதியினரும். அதனால் தனி வார்டிலும் மற்ற சாதிகளுக்கு யார் பிடிக்குமோ அந்த தலித் வேட்பாளரே வெல்லும் வாய்ப்பு அதிகம். 1932 புனா ஒப்பந்தத்தில் தொடங்கிய இந்த வழக்கு வார்டு மட்டத்தில் இன்னும் முடியவில்லை. ஒதுக்கீட்டையே ஏற்காத ஊர்களும் இருந்தன. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் ஊராட்சித் தலைவரை அமரவிடவில்லை; 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

தொகுதி பெரிதாகும்போது சாதியின் பிடி இறுகும் என்று எதிர்பார்ப்போருக்கும் இந்த வட்டாரம் ஏமாற்றத்தையே தந்திருக்கிறது. பழைய சிவகாசி மக்களவைத் தொகுதி 1998இலும் 1999இலும் வைகோவைத் தேர்ந்தெடுத்தது. அருப்புக்கோட்டை 1977இல் எம்.ஜி.ஆரை முதல்வர் நாற்காலிக்கு அனுப்பியது. 2024இல் நாடார் ஓட்டை நம்பி விருதுநகரில் பாஜக நிறுத்திய ராதிகா சரத்குமார் மூன்றாம் இடத்துக்குப் போனார். காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டில் தேமுதிகவின் விஜயபிரபாகரனை வென்றார். லத்தீன் அமெரிக்க வழியினர் என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவோரும் இப்படித்தான். மியாமியின் கியூபர்கள் குடியரசுக் கட்சிக்கும் லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வழியினர் ஜனநாயகக் கட்சிக்கும் நெடுங்காலம் ஓட்டுப் போட்டார்கள். மொழி ஒன்று, வந்த காரணம் வேறு, அச்சங்கள் வேறு.

சிவகாசியில் சாதியைத் தாண்டிய ஓட்டு ஒன்று இருக்கிறதென்றால் அது பட்டாசுதான். 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் உச்சநீதிமன்றம் தடை விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. முதலாளியும் கூலிக்காரரும் ஒரே மேடையில் நின்றார்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் பட்டாசைக் காப்போம் என்று ஒரே வாக்குறுதி தந்ததால் அது யாருக்கும் கூடுதல் ஓட்டைத் தரவில்லை. ஆலைப் பாதுகாப்பு, கூலி, வெடிவிபத்து நிவாரணம் என்று தொழிலாளருக்கு மட்டும் உரிய கோரிக்கைகள் அந்த ஒற்றுமைக்குள் அமுங்கிப்போயின.

2022இல் அமர்ந்த சபையின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. புறநகர் ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைப்பது சிவகாசியில் பழைய பேச்சு. இணைத்தால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது தமிழகம் முழுவதும் ஊராட்சிகள் சொல்லும் எதிர்ப்பு. அதில் நியாயம் இருக்கிறது. இணைந்தால் அங்குள்ள தொழிலாளர் தெருக்கள் முதன்முறையாக நகரசபைக்கு ஓட்டுப் போடும் என்பது யாரும் உரக்கச் சொல்லாத மறுபக்கம். அப்போதும் வார்டுகளை எப்படி வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன். லாஸ் ஏஞ்சலஸில் வார்டு மறுவரையறை குறித்துக் கவுன்சிலர்கள் மூவர் இனவெறியோடு பேசிய ஒலிப்பதிவு 2022 அக்டோபரில் வெளியாகி, நகரசபைத் தலைவர் நூரி மார்டினெஸ் பதவி விலக நேர்ந்தது; அவரும் லத்தீன் அமெரிக்க வழியினரே. சிவகாசியில் எல்லை மறுவரையறை வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்குச் சட்டம் தரும் அவகாசம் குறைவு. அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் அந்த வரைபடத்தைக் கட்சிக்காரர்கள் முதல் நாளே படித்துவிடுகிறார்கள். ஆலை வேனில் போய்த் திரும்புபவர்களுக்கும் அதைப் பார்க்க வழி செய்ய, ஒவ்வொரு புறநகர் ஊராட்சியிலும் கிராம சபையைக் கூட்டி வார்டு எல்லைகளைத் தெருப் பெயரோடு வாசித்துக்காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆலைக்கு விடுமுறையுள்ள நாளில்.